கறையோடு அச்சடித்த அட்டை

பிரஸ்ஸுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். அவ்வளவுதான் என் கதை.

மெஷினைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இன்றைய மெஷின் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தும் ஒரு வேலை குப்பைக்குப் போனது. அதைச் சொல்கிறேன்.

சுகந்தி என்று ஒரு பெண். திண்டுக்கல் பக்கத்து ஆள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பட்டாபிராமில் ஃபிளாட். இங்கே கல்லூரியில் படித்தபோது நண்பர்களோடு சேர்ந்து ஒரு விளையாட்டு உண்டாக்கியிருந்தார். பெயர் ஏரிக்கோட்டை. பலகை கிடையாது, காய் கிடையாது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ஒருவர் படகோட்டி, ஒருவர் வைத்தியர், ஒருவர் திருடன். "நான் காவல்காரனுக்குக் கள்ளு வாங்கிக் குடுத்து ஏமாத்துறேன்" என்பான் திருடன். ஏமாந்தானா இல்லையா என்று பகடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இப்படியே ஓடும். அதற்கான விதிகளும் கதைகளும் உள்ள புத்தகத்தின் புதுப் பதிப்பு எங்களிடம் வந்தது.

முதல் பதிப்பு வேறு எங்கோ அடித்தது. கொஞ்சம் பிரதிகள்தான். அதன் அட்டைப் படத்தை சுகந்தியே போஸ்டர் கலரில் வரைந்திருந்தார். நான் பார்த்தேன். கோட்டை வாசல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. படகில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு கை நீளம். கரையில் நின்ற குதிரையின் முன்கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

புதுப் பதிப்புக்கு நல்ல ஓவியர் ஒருவரைப் பிடித்துப் புதுப் படம் போட வைத்தார். பளபளவென்று இருந்தது. குதிரை குதிரையாக இருந்தது. அதை எல்லாருக்கும் போனில் அனுப்பினார். பழைய ஆட்டக்காரர்கள் சண்டைக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதியதை சுகந்தி எனக்கும் காட்டினார். பாபு என்று ஒருவர், கல்லூரியில் கூட ஆடியவர், அம்பத்தூர்க்காரர், எழுதியிருந்தார்: "இன்னா இது, மொபைல் கேம் விளம்பரமா? நம்ம குதிரை எங்க? நொண்டின்னு வித்துட்டியா?"

"புதுப் படம் நல்லாத்தான் இருக்குண்ணே," என்றார் சுகந்தி. "ஆனா அதுக்குள்ள அவங்களுக்கு உட்கார இடம் இல்லையாம்."

"அப்ப பழசையே போட்டுடுங்க."

"ஒரிஜினல் இல்லண்ணே. ரூம்ல வெள்ளம் வந்தப்ப அதோட போயிருச்சு."

 பிறகு சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஒரு ஹால் எடுத்திருக்கிறார். புத்தகத்துக்கு முன்பதிவு செய்த எல்லாரையும் அங்கே வந்து வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறார். சேலம், வேலூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பழைய கூட்டம் கல்யாணம், வேலை, சின்னச் சின்ன சண்டை என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. ஆட்டமே நின்றுவிட்டது.

"அன்னைக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாங்கன்னா ஏரிக்கோட்டைய மூடிருவேன். ஒத்த ஆளா எவ்வளவு நாள் இழுக்கிறது?"

மறுநாள் தன்னிடமிருந்த முதல் பதிப்புப் பிரதியை எடுத்து வந்தார். அடிபட்ட புத்தகம். ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. முதுகில் செல்லோ டேப். படத்தின் நடுவில் ஒரு மடிப்பு. ஏரித் தண்ணீர் வரைந்த இடத்தில் வட்டமாக டீக் கறை. மூலையில் யாரோ பேனாவால் கணக்குப் போட்டு அடித்திருந்தார்கள்.

"இதை அப்படியே அடிங்கண்ணே."

"கறையோடயா?"

"கறையோட. மடிப்போட. டேப்போட."

எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கறையைத் துடைக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். ஆனால் புத்தகம் அவருடையது. சரி என்றேன். அட்டைக்கு மேலே பளபளப்பு எதுவும் ஒட்ட வேண்டாம், கையில் எடுத்தால் பழைய அட்டை மாதிரி சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்றார். அந்த வேலைக்கென்றே பழுப்பு வெள்ளையில் ஒரு அட்டை வாங்கினோம். அச்சான படத்தை மறுபடி அச்சடிப்பதில் உள்ள தொல்லை உங்களுக்குத் தெரியும். அதை விடுகிறேன்.

வியாழக்கிழமை அட்டை ஓடியது. சுகந்தி மெஷின் பக்கத்திலேயே நின்றார். கறை சிவக்கிறது, இன்னும் பழுப்பாக வேண்டும் என்றார். மெஷின்காரர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, கறையைச் சுத்தமா அடின்றீங்க."

சுகந்தியும் சிரித்தார். சரியான ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். உள்பக்கங்கள் ஏற்கெனவே தைத்துத் தயாராக இருந்தன. வெள்ளி காயட்டும், சனி அட்டை ஒட்டி வெட்டிவிடலாம் என்று கணக்கு.

வெள்ளிக்கிழமை நான் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் தங்கை வீட்டில் காது குத்து.

சனிக்கிழமை காலை வந்தேன். பைண்டிங் பக்கம் போனேன். தைத்த புத்தகங்கள் அடுக்கி இருந்தன. அட்டை இருந்த இடம் காலி. தரையைப் பெருக்கித் துடைத்திருந்தார்கள்.

"ஏரிக்கோட்டை அட்டை எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. ஷீட்டைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி தேவகியம்மா. அவர் எழுந்து வந்தார்.

"அந்தக் கெட்டுப்போன கட்டா ண்ணா? பெருக்கல் போட்டு ஓரமா வெச்சேனே. நீ வந்து பாப்பேன்னு."

எங்கள் பிரஸ்ஸில் ஒரு வழக்கம். பிரிக்கிற பெண்கள் ஒரு ஷீட்டைத் தள்ளினால் தள்ளியதுதான். முதலாளியே கேள்வி கேட்க மாட்டார். தள்ளிய கட்டின் மேல் நீல சாக்பீஸால் பெருக்கல் குறி. சனிக்கிழமை காலை குப்பைக் கடை வண்டி வரும். பெருக்கல் குறி உள்ள கட்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். நல்ல வழக்கம். அதனால்தான் எங்கள் வேலையில் அழுக்கு ஷீட் வெளியே போனதே இல்லை.

தேவகியம்மா ஷீட்டைப் பார்த்திருக்கிறார். ஓரம் வெளுப்பு. நடுவில் மடிப்பு. டீக் கறை. எல்லா ஷீட்டிலும் அதே. மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறார். கீழே போய்க் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை மெஷினில் இருந்தது வேறு ஆள். "நேத்து ஷிஃப்டு அடிச்சது, எனக்குத் தெரியாது" என்றிருக்கிறார். முதலாளி அன்று ஊரில் இல்லை. சரி, ஃபோர்மேன் வந்து பார்க்கட்டும் என்று குறி போட்டு ஓரமாக வைத்திருக்கிறார். வண்டிக்காரர்கள் குறியைப் பார்த்தார்கள். ஏற்றிவிட்டார்கள். நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வண்டி போயிருந்தது.

யார் தப்பு என்று கேட்டால் எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது.

முதலாளி வந்தார். சத்தம் போட்டார். தேவகியம்மா தலை குனிந்து நின்றார். சத்தம் ஓய்ந்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அச்சுத் தகடு இருக்கில்ல. மறுபடி ஓட்டு."

"அந்த அட்டை ஸ்டாக் இல்ல சார். திங்கக்கெழம சொன்னாத்தான் வரும்."

"பளபளா அட்டை கீதுல்ல, அதுல ஓட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும்."

"அதுக்கு இப்போ சொல்லிக்கினு இருக்காத. சாயங்காலம் பாத்துக்கலாம்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதலாளி கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். பயந்தவர்களுக்கு சாயங்காலம் ரொம்ப தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சேலத்தில் ஒருவர் அன்று ராத்திரி பஸ் ஏறுவார். அட்டை இல்லை என்று காலையில் சொன்னால் சுகந்தி அவரைத் தடுக்கலாம், ஹாலைத் தள்ளிப் போடலாம், ஏதாவது செய்யலாம். சாயங்காலம் சொன்னால் அழத்தான் முடியும். ஒரு விஷயம் கெட்டுவிட்டது என்றால், எவ்வளவு கெட்டது என்று நமக்குத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். தெரிந்த அளவுக்குச் சொல்லிவிடுங்கள்.

முதலாளி முன்னாலேயே போன் போட்டேன்.

"அம்மா, அட்டை குப்பை வண்டில போயிடுச்சு. கறைன்னு நினைச்சுத் தள்ளிட்டாங்க. தேடப் போறேன். மத்தியானத்துக்குள்ள கிடைக்கும், இல்லாங்காட்டி கிடைக்காது. ரெண்டுல ஒண்ணு மத்தியானம் சொல்றேன்."

 சுகந்தி உடனே கேட்டார்.

"எங்கண்ணே அந்தக் கடை?"

"குமணன்சாவடி."

"நானும் வர்றேன்."

பிரஸ்ஸின் குட்டியானை லோடு வண்டியை எடுக்கச் சொன்னேன். தேவகியம்மாவையும் ஏறச் சொன்னேன். முதலாளி முறைத்தார். "அந்தம்மா எதுக்கு?"

"கட்டினது அவங்க. அவங்களுக்குத்தான் அடையாளம் தெரியும்."

உண்மைதான். இன்னொன்றும் உண்டு. அவரை அங்கேயே விட்டுப் போனால் அன்று முழுக்க எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தடுமாறிய ஆளுக்கு உடனே செய்ய ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும்.

 திருவேற்காடு தாண்டியதும் தேவகியம்மா கேட்டார்.

"வேலை போயிடுமா ண்ணா?"

"தெரியாது."

"கறை இருந்தா தள்ளுன்னுதான சொல்லிக் குடுத்தீங்க."

"ஆமா."

"அப்பறம் நான் இன்னா பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. கட்டை எதுல கட்டின?"

"என் பழைய சேலைக் கரையில. மெரூன் கலரு. கயிறு தீந்துபோச்சு."

குமணன்சாவடி சிக்னலுக்கு முன்னால் மெட்ரோ வேலை. வண்டி நகரவில்லை. தேவகியம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தூண்களுக்கு நடுவே புகுந்து போனார். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியது.

குப்பைக் கடை பெரிய தகரக் கொட்டகை. வாசலில் சுகந்தி ஏற்கெனவே நின்றிருந்தார். ஸ்கூட்டரில் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

காகிதத்தை அமுக்கிக் கட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவரிடம் கேட்டேன்.

"எஸ்டேட்லருந்து வந்ததா அண்ணாத்தே? எல்லாம் அமுக்கியாச்சே."

பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டுகள். கம்பி போட்டு இறுக்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் என்னென்னவோ நசுங்கித் தெரிந்தது. சுகந்தி ஒரு கட்டின் மேல் கை வைத்து நின்றார்.  

தேவகியம்மா கட்டுகளைச் சுற்றி வந்தார். குனிந்து குனிந்து பார்த்தார்.

"இதுல அட்டையே காணமே ண்ணா. எல்லாம் பேப்பரு."

கடைக்கார பாய் உள்ளேயிருந்து வந்தார். கையில் டீ.

"இன்னா தேடுறீங்க?"

"மெரூன் கலர் துணில கட்டின அட்டைக் கட்டு பாய். கோட்டை, குதிரை படம். டீ கொட்டின மாதிரி இருக்கும்."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டீ கொட்டின அட்டையைத் தேடிக்கினு மூணு பேரு வந்தீங்களா?"

"ஆமா பாய்."

"அது அந்தாண்ட கீது. பின்னாடி பக்கம் வெள்ளையா, கெட்டியா இருந்துச்சு. சட்டைக்குள்ள வெக்கிற அட்டைக்கு ஆவும்னு எடுத்து வெச்சேன். சட்டை கம்பெனிக்காரன் வெட்டிப் பாக்குறேன்னு ஒரு கட்டைப் பிரிச்சான்."

கொட்டகையின் பின்பக்கம். நனைந்த தரை. மரப்பலகை மேல் கட்டுகள். மெரூன் துணி. ஒன்று மட்டும் பிரிந்து கிடந்தது. அதிலிருந்த கோட்டைகளெல்லாம் பட்டையாக வெட்டப்பட்டிருந்தன. மற்றவை முழுசாக இருந்தன. தேவகியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். சுகந்தி அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை.

"எடுத்துக்கினு போங்க," என்றார் பாய். "சட்டைக்காரன் என்னைத் திட்டுவான். திட்டட்டும். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இதை யாரு வாங்குவாங்க?"

"அதான் பாய் எங்களுக்கும் தெரியல," என்றார் சுகந்தி. சிரித்தார்.

இதோடு முடியவில்லை. பிரஸ்ஸுக்கு வந்து பிரித்தால் சில ஷீட்டில் நிஜமான அழுக்கு. வண்டியில் உரசியது, கடைத் தரையில் நனைந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். இப்போது அவருக்குத் தெம்பு வந்திருந்தது.

"எல்லாம் கறைதானய்யா. போட்டு உடுங்க."

எனக்கும் ஒரு நொடி அப்படித் தோன்றியது. நேரம் இல்லை. தேவகியம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை.

"அது இவங்க ஊட்டு டீ சார். இது குப்பைக் கடை தண்ணி. அதை எப்படி குடுக்கிறது?"

சுகந்தியும் அதையே சொன்னார்.

கையெழுத்துப் போட்ட ஷீட்டைச் சுவரில் ஒட்டினோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். தேவகியம்மா எல்லாருக்கும் சொன்னார்.

"கறை இருக்க வேண்டாத எடத்துல இருந்தா தள்ளு. கறை இருக்க வேண்டிய எடத்துல இல்லாட்டியும் தள்ளு. புரிஞ்சுதா?"

"புரியல க்கா," என்றது ஒரு பெண்.

"எனக்கும் நேத்து புரியல. இப்போ பாரு, தன்னால புரியும்."

சிரித்துக்கொண்டே செய்தார்கள். கடைக்கு அனுப்ப நினைத்த பிரதிகளுக்கு அட்டை போதவில்லை. அவற்றைப் பிறகு அடித்துக் கொடுத்தோம். முன்பதிவு செய்தவர்களுக்குச் சரியாக இருந்தது. மத்தியானம் சுகந்தி யாருக்கோ போன் செய்து, "கிளம்பி வாங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்குப் பசித்தது.

தேவகியம்மாவின் வேலை போகவில்லை. போயிருந்தால் நானும் போயிருப்பேன். முதலாளிக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். அவர் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அதற்குப் பிறகு ஒன்று மட்டும் மாற்றினோம். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட ஷீட் மெஷினோடு நிற்காது. மெஷின்காரரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி, பிரிக்கிற பெண்களிடம் வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும். படி ஏறச் சோம்பல்படாதீர்கள். வேறொன்றும் இல்லை.

ஞாயிறு காலை புத்தகங்களை ஆவடிக்குக் கொண்டு போனேன். தேவகியம்மாவும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

"கறையை வாங்க யாரு வர்றாங்கன்னு பாக்கணும் ண்ணா."

மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். நீள மேஜைகள். ஆள் வந்தார்கள். நிறைய இல்லை, குறைவும் இல்லை. சிலர் குழந்தையோடு வந்தார்கள். புத்தகத்தை வாங்கியவுடன் எல்லாரும் ஒரே மாதிரி செய்தார்கள். கட்டைவிரலால் கறையைத் தேய்த்துப் பார்த்தார்கள். தேவகியம்மா என்னை இடித்தார்.

கடைசியாக ஒருவர் வந்தார். பெரிய உடம்பு. முகம் உம்மென்று. சுகந்தி நிமிர்ந்து நின்றதைப் பார்த்தே அவர்தான் பாபு என்று தெரிந்துகொண்டேன். புத்தகத்தை வாங்கினார். அவரும் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"அச்சுலயே கீது."

"ஆமா."

அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"இது நான் வெச்ச டம்ளர்."

"தெரியும்."

"அன்னிக்கு இன்னா திட்டு திட்டின நீ. ஒரு மாசம் மூஞ்சியே பாக்கல."

"இப்பவும் திட்டுவேன். உட்காரு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் மூன்று பேர் அந்த மேஜைக்கே வந்தார்கள். பழைய கூட்டம் என்று நினைக்கிறேன். "யாரு கதை சொல்றது?" என்றார் பாபு. எல்லாரும் சுகந்தியைப் பார்த்தார்கள்.

சுகந்தி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஏரி நடுவில் படகு போகிறது, காற்று திரும்புகிறது என்றார். பாபுதான் படகோட்டி. "நான் துடுப்பைப் போட்டுட்டுப் பாய்மரத்தைப் புடிக்கிறேன்" என்றார். பகடையை உருட்டினார். மேஜை முழுக்க ஒரே சத்தம். படகு கவிழ்ந்துவிட்டது.

நாங்கள் கிளம்பினோம். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அம்பத்தூர் ரோட்டைப் பிடித்ததும் தேவகியம்மா கேட்டார்.

"ண்ணா, அந்த ஆளு கரையேறினாரா இல்லியா? பாக்காம வந்துட்டோமே."

"ஆட்டம் இன்னிக்கு முடியாதாம். அடுத்த ஞாயிறும் கூடுறாங்களாம்."

"அப்ப சரி," என்றார்.